பதினோரு பாட்டில்

விசிலக்கா தண்ணீர் குடிப்பதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தாள். காலை நாலரைக்கு எழுந்ததும் இரண்டு வாய். பத்தரை மணி வாக்கில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் ஒரு வாய். அதிலும் பாதியைக் கொப்பளித்து ஜன்னல் வழியாகத் துப்பிவிடுவாள். அதோடு சரி. பகல் ஒன்றரைக்கு டியூட்டி முடிந்து, பையை ஒப்படைத்து, வீட்டுக் கதவைத் திறந்த பிறகுதான் ஜக்கை எடுத்து அண்ணாந்து குடிப்பாள். கோடையானாலும் குளிரானாலும் இருபத்திரண்டு வருஷமாக இதில் மாற்றமில்லை.

அவள் பதினேழாம் நம்பர் பஸ்ஸின் கண்டக்டர். வேலையில் சேர்ந்த முதல் வாரமே நிர்வாகம் கொடுத்த விசிலை எங்கோ தொலைத்துவிட்டு, இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினாள் பாருங்கள், டிரைவர் பயந்துபோய் நடுரோட்டில் பிரேக் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அவள் விசிலக்கா. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. வேலையென்றால் அவளுக்கு உயிர். நெரிசலில் நுழைந்து, யார் ஏறினார்கள், யார் டிக்கெட் எடுக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். பின்படியில் தொங்குகிற கல்லூரிப் பையன்கள் அவள் குரலைக் கேட்டால் பெட்டிப்பாம்பாக உள்ளே வந்துவிடுவார்கள். இத்தனை பேரை அடக்கத் தெரிந்தவளுக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் தன்னையே அடக்கிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. நாசூக்காகச் சொல்லிப் பார்த்தேன், அது சரிப்படாது. மூத்திரம். அதுதான் விஷயம்.

டிப்போவில் கழிப்பறை உண்டு. ஆனால் அதன் சாவி கிளார்க்கின் மேஜை இழுப்பறையில் இருக்கும், கிளார்க் வருவது ஒன்பது மணிக்கு, முதல் வண்டி கிளம்புவதோ காலை ஐந்துக்கு. நகரத்துப் பஸ் ஸ்டாண்டில் ஒன்று உண்டு. அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. தரையில் எப்போதும் கணுக்கால் தண்ணீர். ஒருமுறை போனவள் இரண்டு வாரம் எரிச்சலில் துடிப்பாள். கடைசி ஸ்டாப்பில் அதுவும் இல்லை. அங்கே இருப்பதெல்லாம் சரக்குக் கிட்டங்கிகளின் முதுகுப்பக்கம், டைம் கீப்பர் உட்காரும் ஒரு தகரப் பெட்டி, ஒரு நீளமான சுவர். சுவரில் 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். ஊரிலுள்ள அத்தனை டிரைவரும் ஆண் கண்டக்டரும் அந்த எழுத்துக்கு நேர் கீழேதான் நிற்பார்கள். எழுத்தில் பாதி அழிந்தே போய்விட்டது. ஆம்பளைக்கென்ன, சுவர் கண்ட இடமெல்லாம் சொந்த வீடு.

வேலைக்கு வந்த நாலாவது வருஷம் விசிலக்கா ஒருமுறை துணிந்தாள். வயிறு வெடித்துவிடும்போல இருந்தது. வழியில் தெரிந்த தையல்காரப் பெண் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி உள்ளே ஓடினாள். வெளியே வந்து பார்த்தால் டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார், உள்ளே நாற்பது பேர் கை தட்டுகிறார்கள். "வந்துட்டாங்கய்யா மகாராணி!" என்று ஒருவன் கத்தினான். மறுநாள் யாரோ புகார் எழுதிப்போட, மெமோ வந்தது: 'பணி நேரத்தில் சொந்தக் காரணத்துக்காகப் பேருந்தை ஏழு நிமிடம் நிறுத்தியது.' அந்தத் தாளை அவள் கிழிக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை வைத்திருந்த பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்தாள். அன்றிலிருந்துதான் அந்தத் தண்ணீர்க் கணக்கு.

வருஷத்துக்கு மூன்று முறை குளிர்காய்ச்சல் வரும். இடுப்புக்குப் பின்னால் இடதுபக்கம் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவதுபோல வலிக்கும். மருந்துக்கடைக்காரரிடம் போய், "அண்ணே, அந்த மாத்திரை" என்பாள். அவர் எதற்கென்று கேட்காமலே ஐந்து நாளைக்கு வெட்டிக் கொடுப்பார். டயர்க் கடையில் வேலை பார்க்கும் அவள் புருஷன் நல்ல மனுஷன்தான். சமைப்பார், துணி துவைப்பார், பெண்டாட்டிக்குக் காய்ச்சலென்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பார். இவள் தண்ணீரே குடிப்பதில்லை என்பது மட்டும் அவர் கண்ணில் பட்டதே இல்லை.

அந்த டிப்போவில் பெண் கண்டக்டர்கள் மொத்தம் பதினோரு பேர். கடைசி ஸ்டாப்பில் ஒரு கழிப்பறை வேண்டுமென்று நாலு தடவை மனு கொடுத்தார்கள். நாலு தடவையும் 'ஆவன செய்யப்படும்' என்று பதில் வந்தது. ஆவன என்றால் என்ன என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அப்புறம் சின்னவள் விஷயம் வந்தது. சின்னவள் என்பது பதினோரு பேரில் கடைக்குட்டி, வேலைக்கு வந்து இரண்டு வருஷம். போன வருஷம் அவளுக்கு மூன்றாம் மாதத்தில் கர்ப்பம் கலைந்துபோனது. சிறுநீரில் கிருமி பரவியது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். இப்போது மறுபடி ஐந்தாம் மாதம். "நிறையத் தண்ணி குடிக்கணும், அடக்கவே கூடாது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். சின்னவள் வாரத்துக்கு நாலு நாள் பதினேழாம் நம்பரில்தான் மாற்று டியூட்டி பார்த்தாள். லேசான வேலை கொடுப்பது ஏழாம் மாதத்திலிருந்துதான் என்று சட்டம்.

"அக்கா, குடிச்சா அடக்கணும். குடிக்காட்டி டாக்டரு திட்டுவாரு. நான் என்னதான் செய்யறது?" என்று கேட்டாள்.

விசிலக்கா நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். மேனேஜர் கெட்டவர் இல்லை. எதற்கும் காகிதம் கேட்கிறவர், அவ்வளவுதான்.

"நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா மேல இருக்கறவங்க ஆதாரம் கேட்பாங்க. இந்த வருஷம் கடைசி ஸ்டாப்ல ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் அனுமதி. டைம் கீப்பருக்கு நல்ல ரூம் கட்டலாம்னு இருந்தோம். இப்பப் பாருங்க, பல்கலைக்கழகத்துல இருந்து ஒரு பொண்ணு கடிதம் போட்டிருக்கு. வேலை பார்க்கற பெண்களோட சிறுநீர்ப் பை, கிட்னி, இதெல்லாம் பத்தி ஆராய்ச்சியாம். நம்ம கண்டக்டர்களையும் பரிசோதிக்கணுமாம். செய்யட்டும். பாதிப்பு இருக்குன்னு வந்தா அடுத்த மாசமே கழிப்பறை. இல்லேன்னா டைம் கீப்பர் ரூம். சரிதானே?"

சரிதான். இதைவிட நியாயமாக யாரும் பேச முடியாது. விசிலக்கா சந்தோஷமாக வெளியே வந்தாள்.

ஆராய்ச்சிக்காரப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். கையில் எப்போதும் ஒரு நீல ஐஸ்பெட்டி. மாதிரிகள் கெட்டுப்போகாமலிருக்க அதில்தான் வைப்பாளாம். பெயர் சொன்னாள்தான், இவர்களுக்கு அவள் ஐஸ்பெட்டி என்றே ஆகிவிட்டாள். "அடுத்த திங்கட்கிழமை காலையில வர்றேன். ஆளுக்கு ஒரு சின்ன பாட்டில்ல சிறுநீர் கொடுங்க போதும். சில கேள்வி கேட்பேன். யார் பேரும் ஆபீசுக்குப் போகாது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

யார் பேரும் போகாது. இதே வார்த்தையை இந்த டிப்போ முன்பும் கேட்டிருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் இலவசக் கண் பரிசோதனை என்று பந்தல் போட்டார்கள். மூக்குக்கண்ணாடி இலவசம், பிஸ்கட் இலவசம். இரண்டு வாரம் கழித்து மூன்று டிரைவர்களை வண்டியிலிருந்து இறக்கி, பஸ் கழுவுகிற வேலைக்கு அனுப்பினார்கள். அதிலிருந்து யாராவது இலவசம் என்று ஆரம்பித்தாலே டிப்போ முழுக்க ஒதுங்கிக்கொள்ளும்.

ஓய்வறையில் மற்ற பத்துப் பேரும் விசிலக்காவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சீனியர் அவள்தானே. நெட்டை என்று கூப்பிடப்படும் கண்டக்டர்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அக்கா, எனக்குப் போன மாசம் ரத்தமாப் போச்சு. இதுல தெரிஞ்சுதுன்னா 'தகுதியில்லை'ன்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிடுவாங்களே?"

"யாரும் அனுப்ப மாட்டாங்க. நான் சொல்றதைக் கேளுங்க" என்றாள் விசிலக்கா. அங்கேதான் அவள் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை மதியத்துல இருந்து தண்ணி குடிங்க. சும்மா ஒரு டம்ளர் ரெண்டு டம்ளர் இல்ல, வயிறு முட்டக் குடிங்க. எல்லாம் கழுவிட்டுப் போயிடும். கேள்வி கேட்டா, நல்லா இருக்கோம்னு சொல்லுங்க. கக்கூஸ் வேணும்னு தனியாச் சொல்லுவோம். படிச்ச பொண்ணு, அவளே கட்டுங்கன்னு எழுதிடுவா. நம்ம உடம்பு மட்டும் ரிப்போர்ட்ல மாட்டக்கூடாது."

பத்துப் பேரும் கெட்டிக்காரத்தனம் என்று தலையாட்டினார்கள். பரீட்சை என்றால் பாஸாக வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தானே பழக்கியிருக்கிறார்கள்? நோய் இருக்கிறது என்று நிரூபிக்கிற பரீட்சையில் பாஸானால் தோற்றுவிடுவோம் என்பது ஒருத்திக்கும் தோன்றவில்லை; மேனேஜர் சொன்னதை நேரில் கேட்ட விசிலக்காவுக்குக்கூட அந்தப் பயத்தில் உறைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை டிப்போ கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது. கிளார்க் அன்றைக்கு மட்டும் ஐந்துக்கே வந்து கழிப்பறையைத் திறந்து வைத்திருந்தார். வாசலில் பதினோரு பெண்கள் வரிசை. ஒருத்தி ஒற்றைக் காலில் நிற்கிறாள், ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "சீக்கிரம் வாடி, உள்ள குடும்பமா நடத்துற?" என்று நெட்டை கதவைத் தட்டுகிறாள். முதலில் போய்வந்தவள் மறுபடி வரிசையின் கடைசியில் வந்து நின்றாள். பாட்டிலில் வாங்கிப் பார்த்த ஐஸ்பெட்டி லேசாகப் புருவத்தைச் சுருக்கினாள். பதினொன்றும் குழாய்த் தண்ணீர் மாதிரி இருந்தன. ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவீர்கள் என்று கேட்டாள். "தேவைப்படும்போது" என்றார்கள் எல்லாரும், மனப்பாடம் செய்த பிள்ளைகள் மாதிரி.

மூன்று வாரம் கழித்து முடிவைச் சொல்லக் கூப்பிட்டார்கள். மதியம் ஒன்றே முக்கால். விசிலக்கா மூன்று நடை முடித்து வண்டியிலிருந்து இறங்கி, பையைக்கூட ஒப்படைக்காமல் நேரே மேனேஜர் அறைக்கு வந்தாள். சின்னவளும் கூட வந்தாள். மேனேஜர் முன்னால் டீ இருந்தது, ஓரமாகக் கிளார்க் நின்றிருந்தார். ஐஸ்பெட்டி ஒரு தாளை வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிப் படித்தாள்.

"பதினோரு மாதிரியிலயும் குறிப்பிடத்தக்க பாதிப்பு எதுவும் தெரியல. நீர்ச்சத்துக் குறைவு இல்ல. கிருமி இல்ல."

மேனேஜர் முகம் மலர்ந்தது. உண்மையான சந்தோஷம் அது. அதில் கள்ளம் இல்லை. "ரொம்ப நல்ல செய்திம்மா! நம்ம பிள்ளைங்க ஆரோக்கியமா இருக்காங்க. அப்பச் சரி, டைம் கீப்பர் ரூமுக்கு இன்னைக்கே எழுதிடறேன்."

பேனாவைத் திறந்துவிட்டார். பக்கத்தில் சின்னவள் கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். விசிலக்காவின் பேச்சைக் கேட்டுத்தான் அவளும் ஒன்றே கால் ஜக் குடித்திருந்தாள். விசிலக்காவுக்கு ஓய்வுபெற இன்னும் மூன்றே வருஷம். வாயை மூடிக்கொண்டு வெளியே போனால் மூன்று வருஷமும் பதினேழாம் நம்பர் அவளுடையது. அந்த நிமிஷம் அதையும் நினைத்தாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

"சார், எழுதாதீங்க" என்றாள்.

"ஏன்மா?"

"அது பொய் சார். நான்தான் எல்லாரையும் முந்தின நாளே தண்ணி குடிக்கச் சொன்னேன். உடம்பு சரியில்லேன்னு தெரிஞ்சா வேலையை விட்டுத் தூக்கிடுவீங்கன்னு பயம். அந்தப் பாட்டில்ல இருந்ததெல்லாம் வெறும் தண்ணி."

ஐஸ்பெட்டிதான் முதலில் பேசினாள். கோபத்தில் தாளை மேஜைமேல் போட்டாள். "அக்கா, ரெண்டு வருஷமா இதுக்காக அலையறேன். உங்களை நம்பித்தானே வந்தேன்?"

"தப்புதாம்மா."

மேனேஜர் பேனாவை மூடவில்லை. "அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க. இன்னைக்கு இப்படிச் சொல்றீங்க. நாளைக்கு வேற சொல்லுவீங்க. நான் எதை நம்பறது? எனக்கு ஆதாரம் வேணும்."

விசிலக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் கோபம் வேறு மாதிரி, குரல் இறங்கிவிடும். ஐஸ்பெட்டியின் பக்கம் திரும்பி, "ஒரு பாட்டில் இருக்கா?" என்றாள். இருந்தது. "காலையில நாலே முக்காலுக்குப் போனது. இப்ப மணி ரெண்டு. கிளார்க் சார், சாவி குடுங்க."

ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள். பாட்டிலை மேஜைமேல், மேனேஜரின் டீக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிறம். டீயாவது கொஞ்சம் வெளுப்பு.

"இதான் சார் ஆதாரம். இருபத்திரண்டு வருஷமா இதான்."

மேனேஜர் டீயைத் தள்ளி வைத்தார். அதற்குப் பிறகு அந்த டீயை யாரும் குடிக்கவில்லை.

ஐஸ்பெட்டி பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். கோபம் எங்கோ போய்விட்டது. "எனக்கும் சந்தேகம் இருந்துச்சு சார். பதினொண்ணும் ஒரே மாதிரி அவ்வளவு நீர்த்துப்போய் இருக்காது. ஆனா சந்தேகத்தை அறிக்கையில எழுத முடியாதே. இந்த ஒரு பாட்டில் போதாது. திரும்ப எடுக்கணும். முன்கூட்டியே சொல்லாம, டியூட்டி முடியற நேரத்துல, மூணு நாள். எல்லாரும் சம்மதிச்சாதான் எடுப்பேன்."

மேனேஜர் பேனாவை மூடினார்.

எல்லாரையும் சம்மதிக்கவைப்பதுதான் மலையாக இருந்தது. ஓய்வறையில் நெட்டை குதித்தாள். "உன் பேச்சைக் கேட்டுத்தான் தவளை மாதிரி குடிச்சோம். இப்ப உன் பேச்சைக் கேட்டு மாட்டிக்கணுமா? நல்லா இருக்கே நியாயம்!"

"சாருக்குத் தெரிஞ்சது என் பேரு மட்டும்தான். போனா என் வேலைதான் போகும்" என்றாள் விசிலக்கா.

"கண் டெஸ்ட்டுலயும் இப்படித்தான் சொன்னாங்க."

ஐஸ்பெட்டி ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சமாதானம் ஒன்றும் சொல்லாமல், "பேரை நானும் தெரிஞ்சுக்காம இருக்கணும்னா எப்படிச் செய்யலாம்? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டாள். சின்னவள்தான் தன் பையைத் திறந்து, கெட்டுப்போன டிக்கெட் கட்டு ஒன்றை எடுத்தாள். ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு நம்பர். பதினொன்றைக் கிழித்துக் குலுக்கி ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். பாட்டிலில் ஒட்டுவது அந்த நம்பர்தான். டிக்கெட் யாரிடம் இருக்கிறதோ அவளுக்குத்தான் முடிவு. அது அவள் சொன்னாலொழிய வேறு யாருக்கும் தெரியாது. கண்டக்டர்களுக்கு டிக்கெட்மேல் இருக்கிற நம்பிக்கை காகிதத்தில் போடுகிற கையெழுத்துமேல் இல்லை. நெட்டை தன் டிக்கெட்டை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, "எடுத்துத் தொலைங்க" என்றாள்.

எடுத்தார்கள். பதினோரு பேரில் ஒன்பது பேருக்கு உடம்பில் நீரே இல்லை. ஆறு பேருக்குக் கிருமி. இரண்டு பேருக்குக் கல்லுக்கான அறிகுறி. மேனேஜர் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு, "என் வீட்டுக்காரி இருபது வருஷம் டீச்சரா இருந்தா. நான் அவளை இதைக் கேட்டதே இல்ல" என்று மட்டும் சொன்னார். டைம் கீப்பர் அறைக்கான காகிதத்தைக் கிழித்துப் போட்டார்.

விசிலக்கா வாயால் சொன்னதை மட்டும் யாராலும் திரும்ப எடுக்க முடியவில்லை. 'உடல்நலக் குறைவு இருப்பதாகப் பணியாளரே தெரிவித்ததால்' என்று எழுதி மருத்துவக் குழுவுக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். இடது சிறுநீரகத்தில் கல் அடைத்து, அது முக்கால்வாசி வேலையை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. ஓடுகிற வண்டியில் இனி வேண்டாம் என்று எழுதிவிட்டார் டாக்டர்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் புருஷன் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தார்.

"இருபத்திரண்டு வருஷம். நீ ஏன் சொல்லவே இல்ல?"

"நீங்க ஏன் கேட்கவே இல்ல?"

அவர் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. அவளும் குடித்தாள்.

புது வேலை, டிப்போவின் தவறவிட்ட பொருள்கள் அறையில். குடை, சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு, ஒருமுறை பல்செட்கூட வந்தது. யாராவது தேடி வந்தால் எடுத்துக்கொடுக்க வேண்டும். அறையிலிருந்து பத்தடியில் கழிப்பறை. சாவி இப்போது ஆணியில் தொங்கியது. "இத்தனை வருஷம் கிடைக்காத யோகம்" என்று எல்லோரிடமும் சிரித்துக்கொண்டு சொன்னாள். ஐந்து மணிக்கு முதல் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் மட்டும் வீட்டுப் படுக்கையில் விழித்துக்கொண்டு கிடப்பாள். பதினேழாம் நம்பர் இல்லாத காலை அவளுக்குப் பிடிக்கவேயில்லை.

ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தபோது ஐஸ்பெட்டி ஒரு பிரதி கொண்டுவந்து கொடுத்தாள். பாலிடெக்னிக் படிக்கும் விசிலக்காவின் மகள் உட்கார்ந்து அர்த்தம் சொன்னாள். பக்கம் பக்கமாக எண்கள். கடைசியில் ஓரிடத்தில், ஆய்வின் குறைபாடுகள் என்ற தலைப்பின் கீழ் மூன்று வரி இருந்தது: வேலை போய்விடும் என்ற அச்சத்தில் பங்கேற்பாளர்கள் முன்கூட்டியே அதிகத் தண்ணீர் குடித்ததால் முதல் சுற்று மாதிரிகள் கைவிடப்பட்டன; இதை ஒரு மூத்த பணியாளர் தாமாக முன்வந்து தெரிவித்தார்.

"அம்மா, இது நீதான்!"

"குறைபாடுன்னு போட்டு என்னைச் சேர்த்திருக்காளே, கொழுப்பைப் பாரு" என்று விசிலக்கா வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு அந்தத் தாளைக் கொண்டுபோய்ப் பழைய மெமோவுக்கு மேலே வைத்தாள்.

அடுத்த மாசம் என்று மேனேஜர் சொன்ன அந்த மாசம் வந்துசேரப் பதினோரு மாதம் பிடித்தது. அதற்குள் சின்னவளுக்குப் பெண் குழந்தை பிறந்து, விடுப்பு முடிந்து, அவள் பதினேழாம் நம்பருக்கே நிரந்தரமாக வந்துவிட்டாள். கடைசி ஸ்டாப்பில் கழிப்பறை எழும்பியது. உள்ளே உறுதியான தாழ்ப்பாள், குழாயில் தண்ணீர். வெளியே பூட்டு மட்டும் கிடையாது. பூட்டு இருந்தால் சாவி இருக்கும், சாவி இருந்தால் அதற்கு ஒரு கிளார்க் இருப்பார் என்று விசிலக்காதான் மேனேஜரிடம் போய் நின்று அதை வேண்டாமென்றாள்.

திறந்த மறுநாள் அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு, சாதாரணப் புடவையில், பஸ் ஸ்டாண்டில் பதினேழாம் நம்பர் ஏறினாள். சின்னவள் டிக்கெட் வேண்டாம் என்றாள்.

"ஏன், உங்க அப்பன் வீட்டு வண்டியா? கிழி."

ஜன்னலோரம் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்தாள். முதல் ஸ்டாப் தாண்டியதும் மூடியைத் திருகினாள். இந்த வண்டிக்குள் அவள் வாய் நிறையத் தண்ணீர் குடித்ததே இல்லை. முதல் வாயோடு மூடியைத் திரும்பப் போட்டுவிட்டாள். பயம் அப்படி. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். தையல்காரப் பெண்ணின் வீடு வந்தபோது பாதி காலி. கிட்டங்கிகள் தெரிந்தபோது பாட்டிலில் சொட்டு இல்லை.

கடைசி ஸ்டாப்பில் இறங்கினாள். அவளுக்கு முன்னால் கிட்டங்கியில் மூட்டை தைக்கிற பெண்கள் இரண்டு பேர் நின்றார்கள்; அவர்களுக்கும் இதுதான் கழிப்பறை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. முறை வந்ததும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

வெளியே வண்டி உறுமியது. டிரைவர் பழைய ஆள்தான்; பழக்க தோஷத்தில் ஹாரனை ஒருமுறை அழுத்திவிட்டார். விசிலக்கா கையை நனைத்தும் நனைக்காமலும் உதறிக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஐம்பத்தைந்து வயதில் அந்த மண் தரையில் தடதடவென்று ஓடிவந்தாள்.

படியில் நின்றிருந்த சின்னவள் டிரைவரைத் திரும்பிப் பார்த்து ஒரு முறை முறைத்தாள். பிறகு இவளைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏன்க்கா ஓடி வர்றீங்க? இங்க நிக்க இப்ப பத்து நிமிஷம் போட்டிருக்கு. மெதுவா வாங்க. வண்டி நிக்கும்."

விசிலக்கா பாதி வழியில் அப்படியே நின்றாள். இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் இதைச் சொன்னதில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வண்டியில் அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று பழக்கத்தில் ஒரு கணம் அடக்கப் பார்த்தாள். அப்புறம் எதற்கு என்று விட்டுவிட்டாள்.